பத்தாவது பெயர்

சவரி,

உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து ஆறு தடவையும் எழுந்துவிட்டேன். நான் சுகம், உன் தங்கை சுகம், இங்கே சிலிபினில் மழை விட்டபாடில்லை, கூரை வழக்கமான இடத்தில்தான் ஒழுகுகிறது. இதையெல்லாம் எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. நீ கேட்ட அந்த ஒரு விஷயத்துக்குத்தான் என்ன எழுதுவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், சொந்த மகனுக்கு நாலு வரி எழுத முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள். கடிதம் நீளமாகத்தான் போகும். பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு படிக்காதே. உள்ளே போய் உட்கார்ந்து படி.

முதலில் உன் கடிதத்தை யார் படித்தார்கள் என்று சொல்ல வேண்டும். என் கண் முன்போல் இல்லை. உன் எழுத்தோ கொசுக்கால் போல இருக்கிறது, எத்தனை தரம் சொல்லியும் நீ திருத்திக்கொள்ளவில்லை. அதனால் ரோசாதான் உரக்கப் படித்தாள். உனக்கு வீடு கொடுத்தது, கிணறு பக்கத்திலேயே இருப்பது, சுங்கை சிப்புட்டிலிருந்து எஸ்டேட்டுக்கு மாட்டு வண்டியில் போனது எல்லாவற்றையும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உரிய குஷியோடு படித்துக்கொண்டே வந்தாள். நீ வாத்தியாராகச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகள்தான் இருக்கிறார்கள், பத்து இருந்தால்தான் சட்டப்படி பள்ளிக்கூடம் நிற்கும் என்று அந்த எஸ்டேட் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியார் சொல்கிறார், அடுத்த மாதம் லேபர் ஆபீசர் வந்து பார்க்கப்போகிறார், ரோசாவை ஒரே ஒரு வருஷத்துக்கு இங்கே அனுப்பி வை என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் அவள் குரல் நின்றுவிட்டது. மீதியை வாய்க்குள்ளேயே படித்தாள். காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் இரண்டு பாவாடையையும் ஜெபமாலையையும் ஒரு பழைய சேலைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணே கூப்புடுறாங்க. போயிட்டு வாரேம்மா. ஒரு வருசந்தானே" என்றாள். அந்த மூட்டை ஆறு நாளாக வீட்டு மூலையில் இருக்கிறது. அவள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில், ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கும்போது, பெரிய பெரிய எழுத்தாக இதை எழுதுகிறேன்.

உன் நிலைமை தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எல்லாம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் மூடினால் உனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அந்த வீடு இல்லை. வீடும் வேலையும் இல்லையென்றால் தைப்பிங்கில் நமக்குப் பெண் கொடுப்பதாகச் சொன்ன மனுஷன் என்ன செய்வார் என்பதும் தெரியும். சர்க்கார் ஆபீசில் பியூன் வேலை பார்க்கிறவர் அவர். உத்தியோகம், உத்தியோகம் என்று நம் வீட்டில் உட்கார்ந்து எத்தனை தரம் சொன்னார்! நீ வாத்தியார் என்றதும்தான் அவர் முகத்தில் சிரிப்பே வந்தது. ஈஸ்டர் கழிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை படிப்பதாக ஏற்பாடு. ஒரு பிள்ளை குறைந்ததால் ஒரு கல்யாணம் நின்றது என்றால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் எனக்கு நம்பமுடிகிறது. ஒரு பிள்ளைக் கணக்கில் என்னென்ன நின்றுபோகும், என்னென்ன போய்விடும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் சொல்ல வருகிறேன், சொல்லத்தான் வாய் வரவில்லை.

உன் அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து, ஊரார் காய்ச்சலுக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்து, கடைசியில் அதே காய்ச்சலில் போனார். அப்போது உனக்கு ஒன்பது வயது, ரோசா நாலு மாசக் கைக்குழந்தை. மாச முடிவுக்குள் டிரெஸ்ஸர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். நான் சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் நம் எஸ்டேட் கிராணியார் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நீங்க தைப்பிங் கன்னியாஸ்திரிங்ககிட்ட படிச்சவங்கதானே? நாளையிலேருந்து டீச்சரா இருக்க இஷ்டமா?" என்றார். இரக்கப்பட்டுக் கேட்கிறார் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். இரக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பத்துப் பிள்ளைகள் இருக்கிற எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் வைத்தே ஆக வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ஏன் இன்னும் வைக்கவில்லை என்று லேபர் ஆபீசரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. தமிழ் எழுத்துத் தெரிந்த ஆள் அவசரமாக வேண்டியிருந்தது, நான் இருந்தேன். நான் பார்த்தேயிராத ஒரு வெள்ளைக்காரர், எனக்குப் புரியாத பாஷையில் எங்கேயோ உட்கார்ந்து எழுதிய ஒரு வரி, என்னையும் உங்கள் இருவரையும் தெருவுக்குப் போகாமல் காப்பாற்றியது. இன்றைக்கும் அந்த மனுஷனுக்காக நான் ஜெபிக்கிறேன். அவர் யாரென்று ஆண்டவருக்குத் தெரியும்.

ஆயாக்கொட்டகையில் பாதியைத் தட்டி வைத்து மறைத்துப் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். அந்தப் பக்கம் தொட்டிலில் குழந்தைகள் வீறிடும், இந்தப் பக்கம் நான் அ, ஆ சொல்லிக்கொடுப்பேன். ரோசாவையும் அந்தப் பக்கத் தொட்டில் ஒன்றில்தான் போட்டிருந்தேன். அவள் குரல் கேட்டால் மட்டும் என் வாய் தடுமாறும். ஆரம்பத்தில் பதினாறு பிள்ளைகள். பிறகு ரப்பர் விலை விழுந்தது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். வேலை இல்லாதவர்களைக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே அனுப்ப சர்க்காரே இலவசமாகக் கப்பல் ஏற்பாடு செய்திருக்கிறது என்றார்கள். வாராவாரம் ஒரு குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும். அதற்குப் பிறகு இன்னொரு சட்டம் வந்தது, இனி எல்லோரும் ரப்பரைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். கிராணியார் அதை எனக்கு மெனக்கெட்டு விளக்கினார். "பால கொறைச்சா வெல ஏறும் டீச்சர். வெல ஏறுனா வேல பெருகும்" என்றார். வேலையைக் குறைத்து வேலையைப் பெருக்குவது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் விலை ஏறத்தான் செய்தது, ஆட்களும் திரும்ப வரத்தான் செய்தார்கள், அதுவும் எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சட்டம் எனக்குப் பிள்ளைகளைக் கொடுத்தது, இன்னொரு ஏற்பாடு அவர்களைக் கப்பலில் ஏற்றியது. ஆட்கள் திரும்பி வருவதற்கு முன்பே பதினாறு பதிமூன்றானது, பதிமூன்று பத்தானது. அந்தப் பத்தில் பத்தாவது பெயர் உன்னுடையது.

நீ அங்கே இருக்க வேண்டியவனே இல்லை. உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று உன் அப்பா படுக்கையில் கிடக்கும்போதுகூடச் சொன்னார். ஈப்போ கோயில் சாமியாரிடம் நான் நடையாய் நடந்து ஓர் இடம் வாங்கியிருந்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் உன்னைத் தங்கவைக்கவும் ஏற்பாடாகிவிட்டது. அப்பாவின் வெள்ளைக் கோட்டைப் பிரித்து உனக்குச் சட்டை தைத்தேன், தோள் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்ற நிலையில் கிராணியார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். "தம்பி போயிட்டா ஒம்பதுதான் டீச்சர்" என்றார். "அதுக்கு என்னய்யா செய்யுறது?" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல. பத்து இல்லேன்னா ஸ்கூலு வேணாம்னு தொரை சொல்லிடுவாரு. வீட்ட விட்டுரணும். கைப்புள்ளைய வச்சிக்கிட்டு சூசாதான், கஷ்டப்பட்டுப் போவீங்க, யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவரைத் திட்டி எழுதலாம் என்றுதான் பார்க்கிறேன், முடியவில்லை. அவர் மிரட்டினாரா, நல்லதுக்குச் சொன்னாரா என்பதே எனக்குத் தெரியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிவைத்த மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், உன்னைக் கண்டதும் மொட்டையாகச் சொல்லிவிட்டேன். நீ போனால் பள்ளிக்கூடம் இல்லை என்றேன். நீ நிமிர்ந்து, "ஒரு வருசந்தானேம்மா? அடுத்த வருசம் போலாம்" என்றாய். என்னைச் சமாதானப்படுத்தினாய், நான் உன்னை அல்ல. பிறகு நீயே மூட்டையை அவிழ்த்தாய். சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாய். அப்பாவின் பென்சிலையும் எடுத்து, நூலோடு முன்பு தொங்கிய ஆணியிலேயே மாட்டினாய். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் கையைப் பிடித்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு முழு மாலைப் பொழுது இருந்தது. நான் சொல்லவில்லை. அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, அந்த வகுப்புக்கு வயது தாண்டிவிட்டது, சேர்க்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் நீ ரயில் ஜன்னலில் எஸ்டேட் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாய். தமிழில் எழுதியிருந்ததை மட்டும்.

இதுவரைக்கும் உனக்கு ஓரளவு தெரியும். தெரியாததை இனிமேல்தான் எழுதவேண்டும். உனக்கு இடமில்லை என்று சொன்னதற்கு அடுத்த மாதமே லேபர் ஆபீசர் நம் எஸ்டேட்டுக்கு வந்தார். கூடவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழ்ப் பையன், தைப்பிங்காரன். உங்கள் பத்துப் பேரையும் தலைவாரி, முகம் கழுவி, வரிசையாக உட்காரவைத்து நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். ஆபீசர் பள்ளிக்கூடத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கூலிக்காரர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனார். வீடு வீடாக நின்று, ஏழு வயதிலிருந்து பதினாலு வயதுவரை எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். புல் வெட்டுகிற சின்னக் கும்பலில் நின்ற பிள்ளைகளையும் சேர்த்துத்தான் எழுதினார். நான் அந்தப் பையனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, பள்ளிக்கூடத்துப் பேருல்ல பாக்கணும்?" என்று கேட்டேன். "இல்லக்கா. ஸ்கூல்ல ஒக்கார்ற புள்ளைய எண்ணச் சொல்லல சட்டம். எஸ்டேட்ல இருக்குற புள்ளையத்தான் எண்ணச் சொல்லுது. ஒங்க எஸ்டேட்ல பத்தொம்போது இருக்கே, ஒங்க ஸ்கூல யாரு மூட முடியும்?" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல செய்தி சொல்கிறோம் என்று அவனுக்கு நினைப்பு.

புரிகிறதா, சவரி? நீ போயிருந்தாலும் பள்ளிக்கூடம் நின்றிருக்கும். ஒன்பது பேர் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் நின்றிருக்கும். கிராணியார் வாயால் கேட்டதைச் சட்டம் என்று நம்பி, யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்காமல், உன் படிப்பை நான் ஒன்றுமில்லாததற்குக் கொடுத்துவிட்டேன். கிராணியாருக்கே விவரம் தெரியாதா, அல்லது கும்பலில் நிற்கும் பிள்ளைகளை யாரும் எண்ணக்கூடாது என்று அப்படிச் சொன்னாரா, அதையும் நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். அன்று மாலை நீ தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்து, "ஆபீசர் என்னம்மா சொன்னாரு? பத்து சரியா இருந்துச்சா?" என்று கேட்டாய். "சரியா இருந்துச்சு" என்றேன். உனக்கு என்ன சந்தோஷம்! உன்னால் அம்மாவின் வேலை தப்பியது என்று பெருமையாகக் குடத்தை இறக்கிவைத்தாய். அந்தப் பெருமையை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ என்ற பயம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ராசா.

தைப்பிங்கில் சர்க்கார் ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேனே, அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. கொட்டுகிற மழையில் ஆபீஸ் தாழ்வாரத்தில் வரிசையில் நின்றோம். உன் முறை வந்ததும் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் இங்கிலீஷில் ஏதோ ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் மழையைப் பார்த்தேன். உன் முகத்தை அப்போது பார்த்திருந்தால் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு நீ ரயில்வே பட்டறையில் இரும்பு தூக்கினாய், மளிகைக் கடையில் மூட்டை தூக்கினாய். சாயங்காலம் வந்து தோளில் எண்ணெய் தேய்த்துக்கொள்வாய். என் கண் மங்கி நான் எஸ்டேட் வேலையை விட்டு இங்கே வந்தபோது, ரோசாவை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நீதான். உன் முதல் சம்பளத்தில்தான் அவளுக்குச் செருப்பு வந்தது. அப்படிப்பட்ட நீ இன்று அவளை அனுப்பு என்று எழுதுகிறாய் என்றால் எவ்வளவு பயந்துபோயிருக்க வேண்டும்! உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் செய்ததைத்தானே நீயும் செய்யப் பார்க்கிறாய். அந்தக் கணக்கை உனக்குப் பழக்கிவிட்டவளே நான்தான்.

அந்த லேபர் ஆபீசர் வந்துபோன மறுநாள் காலையில் நான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனேன். அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை, டிரெஸ்ஸர் பெண்டாட்டிக்கு அங்கே என்ன வேலை என்ற திமிர். ஆளெடுக்கும் வரிசையின் கடைசியில் தன் உயரத்துக்கு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு முனியம்மா நின்றாள். உனக்கு ஞாபகம் இருக்குமே, உன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பாதி நேரம் தூங்குவாளே, அவள்தான். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி அவள் அம்மாவிடம் கேட்டேன். "எழுத்த வச்சி ஒலையில போட்டா சோறு பொங்குமா டீச்சர்? புள்ள வேலைய நிப்பாட்டிட்டுப் போனா ஒங்க வீட்லேருந்து அரிசி வருமா?" என்று வரிசையில் இருந்த எல்லோரும் கேட்கும்படி கத்தினாள். எனக்கு வேலை தரும் சட்டம் அவள் பிள்ளையின் வேலையை எடுக்கிறது, அது நியாயமா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒரு வாரம் தினமும் போய் நின்றேன். கடைசியில் தொல்லை தாங்காமல் அனுப்பினாள். முனியம்மாவும் இரண்டு மூன்று வருஷம் தூங்கித் தூங்கிப் படித்துவிட்டுத் திரும்ப ரப்பர் காட்டு வேலைக்கே போய்விட்டாள். படித்ததால் அவளுக்கு ஒரு துரைசானி உத்தியோகமும் வரவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. ரப்பர் விலை மறுபடியும் சரிந்தபோது, பெரட்டுக் களத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைசி இரண்டு லயத்துக்காரர்களும் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டும், சர்க்கார் உத்தரவு என்று வேலை வாங்கும் தண்டல் சொல்லிக்கொண்டு போனார். எல்லோரும் பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முனியம்மா கையில் பால்வாளியோடு அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஊர் திரும்ப இஷ்டமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று உரக்கப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். இஷ்டமுள்ளவர்கள் என்றுதான் போட்டிருந்தது. நாலு குடும்பம் பாயைத் திரும்ப விரித்தது. அவளுடைய அம்மா மட்டும், இந்த மண்ணே வேண்டாம் என்று இஷ்டப்பட்டே கப்பல் ஏறிப் போய்விட்டாள். முனியம்மா கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறாள். எழுத்துத் தெரிந்ததால் அவளுக்கு நல்லது நடந்ததா, தாயைப் பிரிந்தாளா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போன மாதம் ஈப்போ பசாரில் அவளைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் காய்க்கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் இருந்த பிள்ளையைக் காட்டி, "இது ஒங்ககிட்ட வர்ற வயசுல நீங்க இல்லாம போயிட்டீங்களே டீச்சர்" என்றாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ரோசாவை நான் அனுப்பமாட்டேன். இதை எழுதும்போது என் மனம் தெளிவாக இருக்கிறது என்று எண்ணாதே, குழம்பித்தான் கிடக்கிறது. அன்று என் வேலைக்காக உன் பள்ளிக்கூடத்தை எடுத்தேன். இன்று அவள் பள்ளிக்கூடத்துக்காக உன் வேலையை ஆபத்தில் விடுகிறேன். இரண்டு தடவையும் கொடுப்பவன் நீயாகவே இருக்கிறாய். இதில் எது நியாயம் என்று சாமியாரிடம் கேட்கலாம் என்று கோயில்வரை போய், வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் உனக்குச் சொல்ல முடியும். நாளைக் காலையில் நீ பெரட்டுக்குப் போ. வாத்தியார் போகலாமா என்று கூச்சப்படாதே. வரிசையின் கடைசியில், தன் உயரத்துக்குக் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார். லயத்தில் வீடு வீடாகப் போய், ஏழிலிருந்து பதினாலுவரை யார் யார் இருக்கிறார்கள் என்று பெயரோடு எழுதிக்கொள். தாய்மார் திட்டுவார்கள், வாங்கிக்கொள், அவர்கள் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆபீசர் வரும் நாளில் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்காதே. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, லயத்துக்குப் போகலாம் துவான் என்று மரியாதையோடு நீயே சொல். உன் கிராணியாருக்கு அது பிடிக்காமல் போகலாம். பிடிக்காமல் போய் உனக்கு வேறு விதத்தில் கெடுதலும் வரலாம். சட்டம் இந்த எட்டு வருஷத்தில் மாறியிருந்தாலும் இருக்கலாம், யார் கண்டது. அப்படி ஆகிவிட்டால் நானே தைப்பிங் போய் அந்த மனுஷனிடம், உங்கள் மருமகன் தங்கச்சிக்காக வேலையை விட்டான் என்று சொல்வேன். அதைக் கேட்டும் பெண் தரமாட்டேன் என்றால் அந்தச் சம்பந்தமே வேண்டாம். இது ஒன்றில் எனக்குக் குழப்பமில்லை.

மேலே உள்ளதை எழுதி முடித்து மை காய்வதற்காக வைத்திருந்தேன். ரோசா பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்துவிட்டாள். கடிதத்தைப் பார்த்ததும், "நான் எப்பம்மா போவணும்?" என்றாள். "நீ போவல" என்றேன். "அப்ப அண்ணனுக்கு வேல போயிருமே?" என்று கேட்டாள். போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அந்தப் பொய்யே போதும் என்று, "தெரியலம்மா" என்றேன். அவள் அழவில்லை. மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை நோக்கி நடந்தாள். நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து நிறுத்தி உட்காரவைத்துவிட்டு, அந்த முடிச்சை நானே அவிழ்த்தேன். இறுக்கிப் போட்டிருந்தாள், எனக்குக் கண் வேறு தெரியவில்லை, நேரம் பிடித்தது. அவிழ்த்து முடிக்கும்வரை அவளை நான் எழுந்திருக்க விடவில்லை.

அம்மா